வால் போன ஏழு பூச்சிகளும் என் காதுக்குப் பின்னால் ஒரு வீக்கமும்

மதிப்பிற்குரிய, பூச்சிகளைப் படம் வரைகிற என் அன்பு அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அப்படி எழுதிவிட்டு நான் செத்துப்போனால், கடைசியாக எழுதியது பொய்யாகிவிடும். ஆகையால் இங்கே மூன்று பேர் சுகம், ஒருத்தியைப் பற்றி உறுதியாகச் சொல்வதற்கில்லை. அந்த ஒருத்தி நான்தான்.

கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். அம்மா துணி வெட்டுகிற மேசைக்கு அடியில், நான்கு பக்கமும் துணி தொங்க, சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். மணி பதினொன்றுக்கு மேல் இருக்கும். இருட்டிய பிறகு விளக்குப் போடக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு வாரமாகச் சட்டம். உங்களுக்குக் கடிதம் எழுதக் கூடாது என்பது அதற்கும் முந்தைய சட்டம். இரண்டையும் ஒரே நேரத்தில் மீறிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வேறு கடையில் வாங்கிய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவின் எதிரிலேயே அதைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்ட நாளிலிருந்து, "கண்ணாடிக்கடைக்காரன் அக்கா அடுத்தவன் கடையில கண்ணாடி வாங்குறாளாம்" என்று அப்பா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது உங்களுக்கே தெரியும். ஆனால் பள்ளிப் புத்தகங்களுக்குப் பூச்சிப் படம் வரைகிறவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். நாளைக் காலை எட்டு மணிக்கு என் கதை முடியப் போகிறது. நான் வேறு யாரிடம் கேட்பேன்?

போன சனிக்கிழமை, மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த சாயங்காலம், அம்மா இந்த மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அளவு குறித்துக்கொண்டிருந்தார். துணியின் மேல் பழுப்பு நூல் ஒன்று கிடந்தது. அம்மா அதை விரலால் எடுக்கப் போனார். நூல் வாலைத் தூக்கியது. அம்மா போட்ட சத்தத்தில் கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா துடைப்பக்கட்டையால் மேலே கூரையைத் தட்டினார். அண்ணன் ஓடிவந்து கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து அதை மூடினான். நாங்கள் குனிந்து பார்த்தோம். உடம்பு என் சுண்டுவிரலின் ஒரு கணு நீளம். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். நான்கு இறக்கைகள், கண்ணாடி மாதிரி, அதில் மை தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள். முகம் இருக்கிறதே அத்தை, அது பூச்சி முகமே இல்லை, கீழே நீண்டு பறவையின் அலகு மாதிரி இறங்குகிறது. இதெல்லாம் போகட்டும். பின்னால், வாலின் முனையில், சிவப்பாக ஒரு குமிழ். அதை முதுகுக்கு மேலே வளைத்துத் தூக்கி வைத்திருந்தது, அப்படியே தேள் கொடுக்கு. படம் வரைந்து இணைத்திருக்கிறேன். படத்தில் வால் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது, பயத்தில் வரைந்தது.

அப்பா கடையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், பையிலிருந்து தன் பூதக்கண்ணாடியை எடுத்தார். லென்ஸில் கீறல் பார்ப்பதற்கு வைத்திருக்கிறாரே, கடையிலேயே மிகப் பெரிதாகக் காட்டுவது, அது. டம்ளருக்கு மேல் அதைப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். உடனே நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "எல்லாரும் ரெண்டடி தள்ளி நில்லுங்க" என்றார். "ஏங்க, என்னங்க அது?" என்றார் அம்மா. "குதிரை மூஞ்சி. உருளை உருளையா கண்ணு. வாலு என் கட்டைவிரல் தண்டி இருக்கு." அண்ணன், "அப்பா, அது லென்ஸுல அப்படித் தெரியுது. டம்ளருக்குள்ள சின்னதாத்தான் இருக்கு" என்றான். அப்பா அவனைத் திரும்பிப் பார்த்து, "சின்னதா தெரியிறதுதான்டா கண்ணோட கோளாறு. லென்ஸு பொய் சொல்லாது" என்றார். அதற்குப் பிறகு யார் பேச முடியும்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குளியலறைச் சுவரில் இன்னொன்று. அதே நிறம், அதே புள்ளி, அதே அலகு. ஆனால் வாலில் கொடுக்கு இல்லை. அண்ணனும் நானும் "அப்பாடா" என்றோம். அப்பா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தேனீ கொட்டினா என்ன ஆகும்? கொடுக்கு பிச்சுக்கிட்டு நம்ம உடம்புல தங்கிடும். தேனீ கொடுக்கில்லாம போயிடும். வாலோட இருக்கிறது குண்டு போட்ட துப்பாக்கி. வால் இல்லாதது சுட்டு முடிச்ச துப்பாக்கி. இது இங்க இருக்குன்னா, இந்த வீட்ல யாரையோ கொட்டிடுச்சு."

அத்தை, அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. எங்கள் நால்வரையும் கூடத்தில் வரிசையாக நிற்க வைத்தார் அப்பா. நால்வரில் அவரும் ஒருவர் என்பதால், தானும் ஒரு முறை வரிசையில் வந்து நின்றுவிட்டுப் போனார்.

"யாரைக் கொட்டுச்சு? ஒழுங்கா சொல்லிடுங்க."

"என்னை இல்ல" என்றான் அண்ணன்.

"உன்னை மட்டும் கேக்கல. எல்லாரையும்தான் கேக்கறேன்."

"எல்லாருன்னா அதுல நானும் உண்டுல்ல?"

"ஏங்க, கொட்டியிருந்தா கத்தியிருக்க மாட்டோமா?" என்றார் அம்மா.

"சில விஷம் மரத்துப்போற மாதிரி இறங்கும். கொட்டினதே தெரியாது."

"தெரியாததை எப்படிங்க சொல்றது?"

"அதுதான் பயமே" என்றார் அப்பா.

அன்றுதான் சட்டம் போட்டார். இந்த வீட்டில் ஒருவருக்காவது கொட்டு விழுந்திருக்கிறது என்று தெரிந்தால், அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்குப் போய்விடுவது. அந்த அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான்கு வருஷம் அதில்தான் இருந்தோம். வரிசையாகப் படுத்தால் ஒருவர் புரள நான்கு பேரும் புரள வேண்டும். ஜன்னல் கிடையாது. அம்மாவின் தையல் மெஷினுக்கு உள்ளே இடமில்லாமல் வெளியே தகரத்துக்கு அடியில் போட்டிருந்தார், மழை வந்தால் பாதித் துணியோடு அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. இங்கே என் கட்டிலுக்கு மேலே ஒரு ஜன்னல் இருக்கிறது அத்தை. என் பையை மாட்ட எனக்கென்றே ஒரு ஆணி இருக்கிறது. மறுபடி அங்கே போக வேண்டும் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை, அது பயத்தினாலா விஷத்தினாலா என்றும் தெரியவில்லை.

பூச்சியை உள்ளே விடாமல் தடுக்க நாங்கள் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் பூச்சி கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு இரவு அண்ணன் போனில் தேடி, "அப்பா, இதுக்குப் பேரு தேள் ஈ. வெளிச்சத்தைப் பார்த்து வருமாம். அப்புறம்" என்று படிக்க ஆரம்பித்தான். அப்புறம் என்ன என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் போனும் வெளிச்சம்தானே என்று அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டார். அது இப்போது கடை இழுப்பறையில் பூட்டில் இருக்கிறது. "நீங்களாவது அதில் பார்க்கலாமே" என்று அம்மா கேட்டதற்கு, "கண்ணால பாத்தாச்சு, அப்புறம் என்னத்தைப் படிக்கிறது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து விளக்கு இல்லை. இருட்டில் அம்மா தைத்த ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டது. அதைத் தைக்கக் கொடுத்து, வாங்க வந்து போட்டுப் பார்த்த பக்கத்துத் தெரு அக்கா, "எனக்கு இது புது மாதிரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வராமல் ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தார். ஜன்னல் இடுக்குகளில் அப்பா கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணிகளை அடைத்தார். அண்ணன், பூச்சிகளுக்கு வெளியிலேயே சாப்பாடு வைத்துவிட்டால் உள்ளே வராது என்று யோசனை சொல்லி, அழுகிய பழத்தை ஒரு தட்டில் ஜன்னல் விளிம்பில் வைத்தான். அவை வெளியே சாப்பிட்டுவிட்டு உள்ளே ஓய்வெடுக்க வந்தன. சமையலறைக்குப் பின்னால் கீழே இருக்கும் புதர்வேலிதான் காரணம் என்று, அம்மாவின் துணிக் கத்தரியை எடுத்துப்போய் அண்ணனே இருட்டில் வேலியை வெட்டினான். கத்தரி மழுங்கியது. வெட்டிப்போட்ட தழை மழையில் ஊறி ஜன்னலுக்கு அடியிலேயே குவிந்து கிடக்கிறது. வேலியைப் பார்த்த வீட்டுக்காரம்மா இரண்டு நாளாக, அதை மேய்ந்துவிட்டுப் போன மாட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை மருந்தடிக்கிறவர் வந்தார். முதுகில் தகர டப்பா, கையில் குழாய். "எந்தப் பூச்சிக்குங்க அடிக்கணும்?" என்று கேட்டார். விஷயம் வீட்டுக்காரம்மா காதுக்குப் போய்விடக் கூடாது என்று அப்பா, "பொதுவா அடிங்க" என்றார். "பொதுவான்னா?" "எந்தப் பூச்சின்னு குறிப்பா சொல்ல முடியாது. எல்லாத்துக்கும் சேர்த்து அடிங்க." அவர் அப்பாவைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு வேலி முழுவதும் அடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை வேலிக்கு அடியில் எறும்பு, வண்டு, அந்துப்பூச்சி, பெயர் தெரியாத பச்சைப் பூச்சி என்று எல்லாம் செத்துக் கிடந்தன. எங்கள் பூச்சி மட்டும் சாகவில்லை. மாறாக, எங்கிருந்தெல்லாமோ இருபது முப்பது வந்து, செத்துக் கிடந்தவற்றை அலகால் குத்திக் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. நாங்களே கூப்பிட்டு இலை போட்டது போல இருந்தது. அதைவிடப் பயங்கரம், சமையலறை மூலையில் இருக்கும் சிலந்தி வலைக்குள் ஒன்று நடந்து போய், சிலந்தி பிடித்து வைத்திருந்த ஈயைச் சாப்பிட்டுவிட்டு, ஒட்டாமல் கொள்ளாமல் திரும்பி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சிலந்தி ஓரமாக ஒதுங்கி நின்றது. சிலந்தியே வழிவிடுகிறது என்றால் நாம் எம்மாத்திரம்?

சரி, இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை தலை சீவும்போது இடது காதுக்குப் பின்னால் ஏதோ தட்டுப்பட்டது. சின்ன வீக்கம், தொட்டால் சூடு, அரிப்பு. நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். சொந்தக் காதின் பின்பக்கத்தைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியுமா? கடையிலிருந்து அப்பா கொண்டுவந்து மாட்டிய பழைய முகம் பார்க்கும் கண்ணாடியையும் அம்மாவின் கைக்கண்ணாடியையும் எதிரெதிரே பிடித்துப் பார்த்தேன். முதலில் கதவு தெரிந்தது, பிறகு அண்ணனின் சட்டை, பிறகு ஒரு காது. அந்தக் காதில் ஒன்றுமில்லை என்று சந்தோஷப்பட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். பிறகுதான் அது வலது காது என்று புரிந்தது.

பள்ளியில் அறிவியல் டீச்சரிடம், "டீச்சர், பொதுவா ஒரு சந்தேகம். இறக்கை இருக்கிற தேள் கொட்டினா ஆள் எத்தனை நாள் இருப்பாங்க?" என்று கேட்டேன். டீச்சர், "தேளுக்கு எட்டுக் கால், இறக்கை கிடையாது. இறக்கை இருக்கா, கால் எத்தனை?" என்றார். "ஆறு, டீச்சர்." "அப்ப அது தேள் இல்ல." "ஈயா, டீச்சர்?" "இறக்கை எத்தனை?" "நாலு." "ஈக்கு ரெண்டுதான். அப்ப அது ஈயும் இல்ல. நீ சொல்ற மாதிரி ஒண்ணு கிடையாது, உக்காரு." நான் உட்கார்ந்துவிட்டேன். தேளும் இல்லாத, ஈயும் இல்லாத, உலகத்திலேயே இல்லாத ஒன்று என்னைக் கொட்டியிருக்கிறது. அதற்கு மருந்து எங்கே இருக்கும்? விஷம் ஏறினால் ஞாபகமறதி, வியர்வை, காரணமில்லாத படபடப்பு எல்லாம் வரும் என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். எனக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பரீட்சை அன்று இவை மூன்றும் வருகின்றன. ஆகவே எது விஷம், எது நான் என்று பிரித்துப் பார்க்கவும் முடியவில்லை.

வீட்டில் சொல்லலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். முதல் முறை அம்மா என் ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை அண்ணன், "ஏய் குரங்கு, கொட்டினது உன்னைத்தானே? மூஞ்சிலயே எழுதியிருக்கு" என்றான், நான் "உன் மூஞ்சில" என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் முறை அப்பா மூக்குக்கண்ணாடிக் கூடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வாலோடு பிடிபடுவதை நீள இடுக்கியால் ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுகிறார். வால் இல்லாதது பிடிபட்டால் சாட்சி என்று காலிக் கூட்டில் போட்டுத் தேதி எழுதி அலமாரியில் வைக்கிறார். இன்றோடு ஏழு கூடுகள் ஆகிவிட்டன. ஏழு கொட்டு, நான்கு பேர். இன்று சாப்பிட்டு முடித்ததும் இருட்டில் அப்பாவின் குரல் வந்தது: "யாரும் வாயத் திறக்கிற மாதிரி தெரியல. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஒவ்வொருத்தரா ஜன்னல் பக்கம் வாங்க. உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் லென்ஸ் வச்சுப் பார்க்கப் போறேன். கொடுக்கு உள்ள தங்கியிருந்தா தெரிஞ்சுடும். பத்து மணிக்கு வேன் வரச் சொல்லியிருக்கேன்."

அத்தை, சொன்னால் வீடு போகிறது. சொல்லாவிட்டால் நான் போகிறேன். எட்டு மணிக்கு லென்ஸில் என் வீக்கம் ஒரு கால்பந்து மாதிரி தெரியப் போகிறது. நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: இந்தப் பூச்சி நிஜமாகவே கொட்டுமா? கொட்டினால் எத்தனை நாள்? கொடுக்கை அப்பாவுக்குத் தெரியாமல் எடுக்க வழி உண்டா? இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும், சோதனை நாளைக் காலை. ஆகையால் தயவுசெய்து பதிலை இன்றைக்கே எழுதிவிடவும்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் வீட்டுப் பூனைக்கு என் அன்பு. பெரியவர்களின் ஆசீர்வாதம் இருந்தால் போதும் என்று எல்லாரும் எழுதுவார்கள், எனக்கு ஆசீர்வாதத்தோடு ஒரு களிம்பும் வேண்டும்.

இப்படிக்கு,
இந்த வரி எழுதும்வரை உயிரோடு இருக்கும் உங்கள் மருமகள்

பி.கு.: அத்தை, மேலே எழுதியிருப்பதை எல்லாம் ரத்து செய்கிறேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றால் புதுத் தாள் இல்லை, பின்பக்கங்கள்தான் மிச்சம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையும் வெளியே தெரிய எழுதுகிறேன்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் உறை தேட மேசைத் துணியை விலக்கினேன். எதிரே இரண்டு கால்கள் நின்றன. அப்பாவின் கால்கள். டார்ச் என் வாயிலிருந்து விழுந்தது. அப்பா குனிந்து பார்த்தார். நான் அழுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் திட்டவில்லை. மெல்லிய குரலில், "களிம்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றார்.

"எதுக்குப்பா?"

"சத்தம் போடாத. டார்ச்ச இப்படிக் காட்டு." முழங்கையைத் திருப்பினார். நன்றாகச் சிவந்த ஒரு வீக்கம். "செவ்வாய்க்கிழமையே பாத்துட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாத."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா வீட்டைக் காலி பண்ணணுமே."

"சட்டம் போட்டது நீங்கதானேப்பா?"

"அதனாலதான் சொல்ல முடியல. உங்க யாருக்கும் இல்லாம எனக்கு மட்டும்னா, எப்படியோ சமாளிச்சுக்கலாம்னு பார்த்தேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை நிஜமாகவே வந்தது. என் காதைத் திருப்பிக் காட்டினேன். அப்பா அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சமையலறை வாசலில் சத்தம் கேட்டது. அம்மா. அவர் கையில் களிம்பு டப்பா. "எனக்குக் கணுக்கால்ல ரெண்டு" என்றார், யாரும் கேட்காமலே. அண்ணன் தன் அறையிலிருந்து, "எனக்கு மூணு. முதுகுல, எட்டல. யாராவது தடவி விடுங்க" என்றான். நால்வரும் மேசைக்கு அடியில் டார்ச்சைச் சுற்றி உட்கார்ந்தோம். அப்பா விரல் விட்டு எண்ணினார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அம்மாவுக்கு இரண்டு, அண்ணனுக்கு மூன்று. ஏழு. அலமாரியில் கூடும் ஏழு. அத்தை, அப்பா சொன்னது இவ்வளவு சரியாக வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. அவர் முகத்தில் அதற்கான சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. அம்மா என் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த நிலையில், டார்ச் வெளிச்சத்துக்கு மேசைத் துணியின் மேல் எங்கள் பூச்சிகள் இரண்டு வந்து உட்கார்ந்தன. ஒன்றுக்கு வால் இருந்தது, ஒன்றுக்கு இல்லை. வால் இருந்தது செத்துப்போன ஒரு சின்ன அந்துப்பூச்சிக்குப் பக்கத்தில் நின்று இறக்கையைப் படபடவென்று அடித்தது. வால் இல்லாதது தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தது. வால்காரர் ஒதுங்கி வழிவிட்டார். மற்றது அந்துப்பூச்சியைச் சாப்பிட ஆரம்பித்தது. இவர் வாலைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஏங்க, இது சுட்டு முடிச்ச துப்பாக்கியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது அவரு பொண்டாட்டி" என்றார்.

அப்பா பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். இந்த முறை ரொம்ப நேரம் பார்த்தார். "பிஞ்ச தடமே இல்ல" என்றார் கடைசியில். "முனை நல்லா கூரா முடிஞ்சிருக்கு. கொடுக்கு இருந்து போன இடம்னா ஒரு சிதைவு இருக்கணும். இதுக்கு வாலே இருந்ததில்ல. போன ஞாயித்துக்கிழமையே இதைப் பார்த்திருக்கணும். பயத்துல வாலைத் தவிர எதையும் பாக்கல."

"அப்ப வால் இருக்கிறது கொட்டும்ல?" என்றான் அண்ணன்.

அப்பா முழங்கையை ஒரு முறை தடவிக்கொண்டார். பிறகு விரலை நீட்டினார். "ஏங்க, வேணாங்க" என்று அம்மா அவர் சட்டையைப் பிடித்தார். "விஷம்னு சொன்னது நான். நான்தான் பாக்கணும்" என்று விரலை அந்தப் பூச்சிக்கு முன்னால் வைத்தார். அது விரல்மேல் ஏறியது. வாலை வளைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், அண்ணனும் மூடிக்கொண்டான் என்று அம்மா பிறகு சொன்னார். திறந்தபோது அது அப்பாவின் நகத்தில் நின்று காலைத் துடைத்துக்கொண்டிருந்தது. பிறகு பறந்துபோனது. அதே நேரத்தில் அப்பா தன் கழுத்தில் பளாரென்று ஓர் அடி அடித்துக்கொண்டார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கொசு. அதைச் சுற்றி அப்பாவின் ரத்தம்.

"விளக்கைப் போடு" என்றார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு விளக்கைப் போட்டோம். சுவர் முழுக்க, கூரை முழுக்க, திரை முழுக்கக் கொசு அத்தை. வயிறு நிறைந்து நகர முடியாமல் உட்கார்ந்திருந்தன. தேள் ஈக்குப் பயந்து இருட்டில் உட்கார்ந்து இவற்றை ஊட்டி வளர்த்திருக்கிறோம்.

பத்து மணிக்கு வேன் வந்தது. "சாமானெல்லாம் எங்க சார்?" என்று கேட்ட வேன்காரருக்கு, ஜன்னலுக்கு அடியில் ஊறிக் கிடந்த தழைக் குவியலையும் அண்ணனின் பழத்தட்டையும் அப்பா காட்டினார். அவை ஏறிப் போய்விட்டன. இன்றைக்கே ஜன்னல்களுக்கு வலை அடிக்க ஆள் வரப் போகிறார். அது கொசுவுக்கா, தேள் ஈக்கா என்று கேட்டதற்கு, "பொதுவா" என்றார் அப்பா.

இந்தக் கடிதத்தை அவர் முழுவதும் படித்துவிட்டார். அனுப்ப வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். "அனுப்பு. கொட்டாதுன்னா அந்த வாலை எதுக்கு அப்படித் தூக்கிக்கிட்டே திரியுதுன்னு மட்டும் அக்காகிட்ட கேட்டு எழுது" என்றார். அம்மா மெஷினை விட்டுத் தலையைத் தூக்காமல், "அதுக்கு எதுக்கு அக்கா? வீட்ல இருக்கிறவங்களை மிரட்டத்தான்" என்றார். அப்பாவுக்கு உடனே கடையில் ஏதோ வேலை இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

காதுக்குப் பின்னால் இன்னும் அரிக்கிறது. வீடு போய்விடும் என்று நான்கு நாளாக அதைத் தொடவே இல்லை. இப்போது நால்வரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, யாருக்கும் பயப்படாமல், நன்றாகச் சத்தம் வர, சொறிந்துகொண்டிருக்கிறோம்.